கோரைக்கிழங்கு யார் பக்கம்?

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில் பிரசாதங்களில் கோரைக்கிழங்குக்குத் தனி இடம் உண்டு. பன்றி மண்ணைக் கிளறித் தேடித் தின்னும் கிழங்கு அது. அதனால் வராகப் பெருமாளுக்கு உகந்தது என்பார்கள். வயலில் களை, கோயிலில் பிரசாதம். பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "சீயக்காய் சாமான் கொடுங்க" என்றால், சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் இவற்றோடு கோரைக்கிழங்கும் ஒரு கை விழும். முடி கருகருவென்று வளருமாம். அதே கடையில் "பெண் பிள்ளைக்குக் குளியல் பொடி" என்று கேட்டால், கஸ்தூரி மஞ்சளோடு மறுபடி கோரைக்கிழங்கு. எதற்கு? கன்னத்திலும் உதட்டுக்கு மேலும் இருக்கிற பூனை முடி உதிர்வதற்கு.

ஒரே கிழங்கு. தலையில் பட்டால் முடியை முளைக்க வைக்க வேண்டும், முகத்தில் பட்டால் உதிர்க்க வேண்டும். தலை எது, முகம் எது என்று கிழங்குக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எகிப்து மருத்துவர் ஒருவர் கோரைக்கிழங்கு எண்ணெயைப் பெண்களின் அக்குளில் தடவிப் பார்த்து, முடி வளர்ச்சி குறைவதாகவும், அது லேசர் சிகிச்சைக்கு ஈடாக இருப்பதாகவும் 2014இல் எழுதினார். ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் இருக்கிற கொஞ்சநஞ்சச் சான்றும் உதிர்க்கிற பக்கம்தான் நிற்கிறது. இதை அறியாமல் அதைத் தலைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறது ஊர்.

இன்று வீட்டுக்கு வீடு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு கதை இருக்கிறது. பாட்டி காலத்தில் எல்லோருக்கும் இடுப்பு வரை முடி. சீயக்காய் போட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், முடி நின்றது. ஷாம்பு வந்தது, 'கெமிக்கல்' வந்தது, முடி போனது. ஆகவே சமையலறைக்குத் திரும்பினால் முடியும் திரும்பும். அதில் பக்கவிளைவும் கிடையாது. ஆட்டோ ஓட்டுநர் முதல் பட்டதாரி ஆசிரியை வரை இதை நம்புகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர இந்தக் கதைக்கு வேறு பலம் இல்லை.

முதலில் அந்தப் பாட்டி காலம். சீயக்காயைத் தவிர வேறெதுவும் தலையில் படாத அந்தக் காலத்தில்தான் 'சவுரி' வியாபாரம் அமோகமாக நடந்தது. திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் ரிப்பனுக்கும் பக்கத்தில் சவுரி முடி தொங்கும். கல்யாணப் பெண்ணின் சடையில் பாதி சவுரி என்பது அந்தக் கால வீடுகளில் ரகசியமே இல்லை. நடுவயதுப் பெண்கள் கொண்டைக்குள் சவுரியைச் சுருட்டி வைத்துக் கட்டினார்கள். எல்லோருக்கும் இடுப்பு வரை முடி இருந்திருந்தால் இதையெல்லாம் யார் வாங்கினார்கள்? சித்த மருத்துவம் புழுவெட்டுக்கும் இளநரைக்கும் மருந்து சொல்கிறது. நோய் இல்லாத காலத்தில் மருந்து எதற்கு? பழைய குடும்பப் படங்களில் சட்டை போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களின் வழுக்கை, ஷாம்பு போட்டதால் வந்தது அல்ல.

ஷாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. வெள்ளைக்காரன் கொண்டு வந்து திணித்தான் என்று பேசுகிறவர்கள் கடலூர் சின்னி கிருஷ்ணனை மறந்துவிடுகிறார்கள். பெரிய புட்டியில் பணக்காரர் வீட்டுக் குளியலறையில் இருந்ததைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் கூலிக்காரர் கைக்கும் எட்ட வைக்கலாம் என்று யோசித்தவர் அவர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு புது பாக்கெட் இலவசம் என்றார்கள். பின்னாளில் 50 பைசாவுக்கே பாக்கெட் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் இருக்கிற இதே கடலூர் மாவட்டத்தில்தான் நாடு முழுக்கப் பெட்டிக்கடைகளில் தோரணம் கட்டித் தொங்கும் அந்தச் சரத்துக்கு முதல் முடிச்சு விழுந்தது. சிக் ஷாம்பு விற்ற அதே நிறுவனம்தான் 'மீரா' என்ற பெயரில் மூலிகைத் தலைக்குளியல் பொடியும் விற்றது. ஷாம்புவுக்கு ஒரு கல்லா, சீயக்காய்க்கு இன்னொரு கல்லா. பணம் போய்ச் சேர்கிற வீடு ஒன்று. இயற்கைக்கும் செயற்கைக்கும் நடக்கிற போராக இதைப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஷாம்பு முடியைக் கொட்ட வைக்கிறதா? நாம் பார்க்கிற முடி உயிரற்ற இழை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், வேர்ப்பையில். ஒவ்வொரு வேரும் சில ஆண்டுகள் இழையை வளர்க்கும். பிறகு ஓய்வுக்குப் போகும். ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் பழைய முடியை உதிர்த்துப் புதியதைத் தொடங்கும். தலையில் சுமார் 1 லட்சம் முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகிற வாயில் சுருண்டு கிடக்கிற முடி, பல வாரங்களுக்கு முன்பே வேரில் விடைபெற்றுக்கொண்டது. குளியல் அதை வெளியே கொண்டு வந்தது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு முறை குளிக்கிறவருக்கு ஏழு நாள் பாக்கி ஒரே நாளில் வந்து சேர்கிறது. அதைப் பார்த்துப் பதறிப்போய்க் குளிப்பதையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை இன்னும் பெரிய சுருள் வரும்.

சீயக்காய்க்கு உரிய மரியாதையைக் குறைக்க வேண்டாம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அரப்பிலும் இருக்கிற சாபோனின் நுரைத்து எண்ணெயையும் அழுக்கையும் வாங்குகிறது. இயற்கை தந்த ஷாம்பு என்றே சொல்லலாம். இடையில் வந்த சோப்புக் கட்டியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். கார சோப்பு போர் தண்ணீரின் உப்போடு சேர்ந்து முடியில் வெள்ளைக் கசடாகப் படியும், முடி நாராகும். சீயக்காய் அப்படிப் படியாது. அதனால்தான் சோப்பை விட்டுவிட்டுச் சீயக்காய்க்கு வந்தவர்களுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஷாம்புவும் அப்படிப் படியாது. சீயக்காய் செய்கிற வேலை கழுவுவது; அதை நன்றாகவே செய்கிறது. அரைத்தவர்களைக் கேட்டால் தெரியும், அது அப்படியொன்றும் சாதுவும் அல்ல. மாவு மில்லில் அதற்கென்று தனி மெஷின் வைத்திருப்பார்கள். அரைக்கும்போது மில்லில் நிற்கிற எல்லோரும் தும்முவார்கள். கண்ணில் பட்டால் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்குவார்கள்.

தேங்காய் எண்ணெய்க்கும் நல்ல சான்று இருக்கிறது. 2003இல் மும்பையில் ரேலே, மோஹிலே என்ற இரு ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெய் முடி இழைக்குள் புகுந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு இழைக்குள் போகும் என்ற விளக்கம் நிற்கிறது. குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடி குறைவாக உடையும். உடையாத முடி நீளமாகத் தெரியும். பாட்டி சொன்னதில் இந்தப் பாதி உண்மை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தது வெட்டி எடுத்த முடி. வேரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பொடுகுக்கு எண்ணெய் என்பது வேறு கதை. பொடுகோடு சேர்த்துப் பேசப்படும் மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்களைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. மண்டையில் இருக்கிற எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. தலை வறண்டதால் பொடுகு வந்தது என்று எண்ணி, செதிலும் அரிப்புமாக இருக்கிற தலையில் இரவு முழுக்க எண்ணெயை ஊற வைக்கிற வீடுகளில் பல நேரம் அந்தப் பூஞ்சைக்குத்தான் விருந்து நடக்கிறது.

சரி, "எங்க அக்கா மகளுக்கு வளர்ந்ததே" என்பவர்களுக்கு என்ன பதில்? இந்த இடத்தில்தான் மொத்த நம்பிக்கையும் நிற்கிறது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கோ பட்டினி டயட்டுக்கோ பிறகும் ஏராளமான வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிரும். கைப்பிடி கைப்பிடியாக வரும். காய்ச்சல் ஐப்பசியில், முடி கொட்டுவது தையில் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பழி, அந்த வாரம் மாற்றிய ஷாம்பு மேலேயோ புது வீட்டுத் தண்ணீர் மேலேயோ விழும். பயந்துபோன குடும்பம் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டு எண்ணெய் காய்ச்சும். செம்பருத்தி இலையை அரைத்து அப்பும். எண்ணெய் காய்ச்சுகிற நாளில் கொட்டல் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு அது குறைந்துதான் ஆக வேண்டும். ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக நின்றுவிடும், நெற்றியோரம் குட்டை முடி முளைத்து நிற்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதைக் கண்ணாடியில் பார்க்கிற பெண், எண்ணெய்க்கு நன்றி சொல்லாமல் என்ன செய்வாள்? எதைத் தேய்த்திருந்தாலும் அந்த முடி வந்திருக்கும். எதையும் தேய்க்காவிட்டாலும் வந்திருக்கும். ஆனால் எதையும் தேய்க்காதவர் யாரிடமும் போய்ச் சொல்வதில்லையே.

மொட்டைக்கும் இதே கணக்குதான். குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கினால் அடுத்து அடர்த்தியாக வளரும் என்பது வேண்டுதலோடு ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. மழிப்பதால் முடியின் தடிமனும் வேகமும் மாறுவதில்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற ஆய்வாளர் 1928லேயே அளந்து எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தெரிகிறது. வேண்டுதலை நிறைவேற்ற வேறு காரணம் தேவையில்லை. அடர்த்தியை அதில் இழுக்க வேண்டாம்.

2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் நடந்ததும் நினைவில் இருக்க வேண்டும். ஷேகாவ் பக்கத்துக் கிராமங்களில் மூன்று நான்கு நாளில் மக்களுக்குத் தலை வழுக்கையாகிப் போனது. சில வாரங்களில் பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. முதலில் தண்ணீரையும் பூஞ்சையையும் சந்தேகித்தார்கள். தேள்கடி சிகிச்சைக்காக நாடறிந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரேஷன் கோதுமையில் செலினியம் மிக அதிகமாக இருந்ததாகவும், பாதிக்கப்பட்டவர்களின் உடலிலும் அது கூடியிருந்ததாகவும் தெரிவித்தார். தலைக்கு என்ன போட்டார்கள் என்று தேடிக்கொண்டிருந்தால் தட்டில் இருந்த சப்பாத்தி மேல் யார் கண்ணும் போயிருக்காது.

ஆய்வுகள் இருக்கின்றனவே என்று வெங்காயச் சாற்றைக் காட்டுவார்கள். உண்மைதான். பாக்தாதில் ஷர்க்கியும் அவர் சக மருத்துவரும் 2002இல் வெளியிட்டார்கள். வெங்காயச் சாறு தேய்த்த 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது புழுவெட்டு. புழுவும் பூச்சியும் இரவில் வந்து அரித்ததாக நாம் சொல்கிற அந்த வட்டத் திட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த வேரையே தாக்குவதால் வருவது. அதில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். அந்தச் சிறு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்து, தைராய்டு குறைவால் கொட்டுகிற முடிக்கும், பரம்பரை வழுக்கைக்கும் வெங்காயம் தேய்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ரோஸ்மேரி எண்ணெயும் அப்படித்தான். ஈரானில் 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி, மறு பாதிக்கு 2% மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்து என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் முடி கொஞ்சம் கூடியதாக 2015இல் எழுதினார்கள். எதுவும் கொடுக்காத மூன்றாவது குழு அதில் இல்லை. அந்த ஒன்றைச் செய்திருந்தால் ரோஸ்மேரிக்கே பெருமை சேர்ந்திருக்கலாம்.

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்பதுதான் இந்தக் கட்சியின் கடைசி அரண். அதுவும் ஓட்டைதான்.

எலுமிச்சைச் சாற்றை மண்டையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் சாறு வழிந்த இடமெல்லாம் கொப்புளித்துக் கறுக்கலாம்; அது சாறும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை. பொடுகுக்கும் பேனுக்கும் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தேய்க்கிற வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! சூடம் உள்ளே போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் அது உடம்பில் சேரும். சூடம் கரைத்த எண்ணெயை மருந்தாக விற்பதையே அமெரிக்கா 1980களில் தடை செய்துவிட்டது. நீள முடிக்கு ஆசைப்பட்டு விளக்கெண்ணெயைத் தேங்காய் எண்ணெயோடு கலந்து தேய்த்து அலசிய 20 வயதுப் பெண் ஒருவரின் முடி, பிரிக்கவே முடியாதபடி பாறை போலத் திரண்டுவிட்டதை இந்திய மருத்துவர்கள் 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசியில் கத்தரிக்கோல்தான் வைத்தியம்.

எல்லாவற்றிலும் மோசமானது 'கறுப்பு மருதாணி'. மருதாணி இலை முடிக்குத் தரும் நிறம் செம்பழுப்பு; எந்தச் சாதி மருதாணியும் கறுப்பு தராது. இலையிலிருந்தே கறுப்பு வேண்டுமென்றால் முதலில் மருதாணி, அது ஊறிய பிறகு அவுரி. அரை நாள் வேலை. பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிச் சாகுபடிக்குப் பேர் போனது, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நீலம் புதிதல்ல. பத்தே நிமிடத்தில் கருகருவென்று ஆக்குகிறேன் என்கிற 'மூலிகை' பாக்கெட்டில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பாரா ஃபினிலீன் டையமின் என்ற சாயப் பொருள். ஒவ்வாமை உள்ளவருக்கு நெற்றி வீங்கி, கண் மூடி, காதோரம் நீர் வடியும். 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அறிவித்தது இதைத்தான். பாக்கெட்டின் முன்பக்கம் இலைப் படம், பின்பக்கம் எறும்பு எழுத்தில் இந்தப் பெயர். டை என்று தெரிந்து வாங்குகிறவராவது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். மூலிகை என்று நம்பி வாங்குகிறவர் நேராகத் தலை முழுக்கப் பூசிக்கொள்வார்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களை வரிசையாகச் சொல்கிறது. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கிற அதே வரிசையில் வழுக்கையும், இளநரையும், முடி நிறம் மாறுவதும், புது முடி வளர்வதும் இருக்கின்றன. அந்த அட்டவணையை எழுதியவர்களுக்கு நம் ஊர் விளம்பரங்கள் நன்றாகவே தெரிந்திருந்தன போலும்.

இதையெல்லாம் சொன்னால், முடி கிளினிக்குகளுக்கு ஆள் பிடிக்கிற பேச்சு என்று நினைக்க வேண்டாம். சோதனை எதுவும் செய்யாமலே பல ஊசிகளுக்கு ஒரு பேக்கேஜ், மாதத் தவணை வசதி என்று தொடங்குகிற கடைகளும் நாட்டு மருந்துப் பொட்டலத்தின் பணக்காரத் தம்பிகள்தான். இரண்டு இடத்திலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே: ஏன் கொட்டுகிறது?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். இரும்புச் சத்து வற்றிய உடம்பு முடிக்குச் செலவழிக்கத் தயங்கும். தைராய்டு குறைந்தாலும் முடி மெலியும். சினைப்பைக் கோளாறிலும் உச்சி வகிடு அகலும். ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தம் போதும், காசும் கேட்க மாட்டார்கள். அதைச் செய்யாமல், முடி கொட்டுகிற பெண் ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வெந்தயம் ஊற வைத்து, முட்டை உடைத்து, கறிவேப்பிலை அரைத்து, தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறாள். அந்த வெந்தயமும் முட்டையும் கறிவேப்பிலையும் தலைக்குப் போனதற்குப் பதிலாக வாய்க்குப் போயிருந்தால் கொஞ்சமாவது உபயோகம் இருந்திருக்கும். சில வகை நோயில் அந்த ஒரு வருடம் இன்னும் விலை கூடியது: வேர்ப்பை அழன்று தழும்பாகிவிட்டால் அங்கே மறுபடி முடி முளைக்காது. சொரசொரப்பு போய் மினுமினுவென்று ஆன தோலைப் பார்த்துவிட்டுத்தான் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போகிறார்கள்.

இன்னொரு காரணம் எல்லோர் கண் முன்னாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்கு, எண்ணெய் வழியப் படிய வாரி, இரட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பனால் இறுக்கிக் கட்டிய பெண் பிள்ளைகள். சடை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஒழுக்கம் என்பது ஆசிரியைகளுக்கும் அம்மாக்களுக்கும் பொதுவான எண்ணம். வருடக்கணக்கில் இழுபடுகிற வேர் முதலில் நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் கைவிடும். அங்கே பூனை முடி மட்டும் மிஞ்சும். சீக்கிரம் தளர்த்தினால் திரும்பி வரும், விட்டுவிட்டால் வராது. ஒன்பதாம் வகுப்பில் நெற்றி ஏறுவதைப் பார்த்து அம்மா சின்ன வெங்காயம் உரிக்க உட்காருகிறார். சாறு தேய்த்து, அலசி, காய வைத்து, மறுநாள் காலையில் அதே இறுக்கத்தில் மறுபடியும் சடை.